குற்றாலத்துக்குச் சைக்கிளில் போகலாமா?

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால், தென்காசி–குற்றாலம் சாலையில் கார்களும் பஸ்களும் எறும்புச் சாரிபோல் ஊர்கின்றன. தூரமோ சுமார் 5 கிலோமீட்டர்தான்! சைக்கிளில் அரை மணிப் பயணம்.

சாரலில் நனைய வேண்டுமே என்பார்கள். நனைவதற்குத்தானே குற்றாலம் வருகிறோம்!

சைக்கிள் நமக்குப் புதிதல்ல. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசே அதை இலவசமாக வழங்குகிறது. ஆனால் ரயிலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர் எங்கே போவார்? வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்ததும் மணிக்கணக்கு வாடகைக் கடைகள் அருகிவிட்டன. கிடைத்தாலும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே குழந்தை குட்டிகளோடு மிதிக்க யாருக்குத் துணிவு வரும்?

மழை நாடான நெதர்லாந்தில் மக்களின் பயணங்களில் கால் பங்குக்கு மேல் சைக்கிளில்தான். தனிப் பாதைகள் அதற்கு ஒரு பெரிய காரணம்.

தென்காசி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. ரயிலடியில் வாடகைச் சைக்கிள், சாலையோரம் தனிப் பாதை, அருவிக்கருகே நிறுத்துமிடம் ஆகிய மூன்றையும் ஒரு ஸீசனுக்குச் செய்து பார்க்கலாமே! காரில் விரைபவர் வழியில் நிற்பதில்லை. சைக்கிளில் வருபவர் டீ குடிப்பார். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குவார். அந்தக் காசு ஊரிலேயே தங்கும்.