சட்டம் சொல்வது 6 மாதம். கோர்ட்டு வாசலில் கழிவது பல வருஷம்!

அந்தியூர் பஸ் நிலையத்தில் காலையில் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். கையில் மஞ்சள் பை. பைக்குள் கேஸ் கட்டு. "எங்கீங்க போறீங்க?" என்றால், "பவானி கோர்ட்டுக்குங்க. வாய்தா" என்பார். ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டுப் போகிறவர், அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

விவாகரத்து கேஸ் இப்படி இழுக்கலாமா? கூடாது என்கிறது சட்டம். இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்த்த 21-பி பிரிவு, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 6 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது. "முயல வேண்டும்" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் வாய்தா எல்லாம் நுழைகிறது!

20 வருஷ வழக்கு

தமிழ்நாட்டுத் தம்பதி ஒன்றுக்கு 2002-ல் கல்யாணம். ஒருநாள்கூட சேர்ந்து வாழவில்லை. 2008-ல் கீழ்க்கோர்ட்டு விவாகரத்து கொடுத்தது. மேல்முறையீட்டில் அது ரத்து. 2018-ல் ஐகோர்ட்டு மீண்டும் கொடுத்தது. 2019-ல் மறுஆய்வில் அதுவும் போயிற்று. கடைசியில் 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு முடிச்சை அவிழ்த்தது. அதற்குள் இருவரின் இளமையும் போய்விட்டது.

ஏன் இந்த இழுபறி? "சேர்ந்து வாழ முடியாது" என்று சொன்னால் மட்டும் போதாது. கொடுமையோ, 2 வருஷம் கைவிட்டுப் போனதோ நிரூபிக்க வேண்டும். சம்மன், பதில் மனு, சமரசப் பேச்சு, சாட்சி, குறுக்கு விசாரணை... ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. உறவு அடியோடு முறிந்தது என்ற காரணத்துக்காக மட்டும் பிரித்து வைக்கும் அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கே உண்டு. 2023-ல் 5 நீதிபதிகள் பெஞ்ச் இதை உறுதிப்படுத்தியது. கீழ்க்கோர்ட்டுக்கு அது கிடையாது.

வாய்தாவால் லாபம் யாருக்கு? பணம் கொடுக்க வேண்டியவருக்கு! கைக்குழந்தையோடு தாய் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு மாதச் சாப்பாட்டுக் கவலை.

என்ன செய்யலாம்?

தீர்ப்பு வரட்டும் என்று சும்மா இருக்கக் கூடாது. இடைக்கால ஜீவனாம்சம் கேட்டுத் தனி மனு போடலாம். வருமானம் இல்லாத கணவனும் கேட்கலாம். நோட்டீஸ் கிடைத்த 60 நாளில் அதை முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். மனு போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்காகும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆகவே தள்ளிப் போடாதீர்கள். குழந்தையைப் பார்க்கும் உரிமைக்கும் தனி மனு உண்டு.

வக்கீல் பீஸுக்கு வழியில்லையா? சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

சண்டை நகைக்கும் பணத்துக்கும் மட்டும்தான் என்றால், பேசி முடித்து, பரஸ்பர சம்மத மனுவாக மாற்றிக்கொள்ளலாம். அதில் உள்ள 6 மாதக் காத்திருப்பையும் தகுந்த வழக்கில் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

தீர்ப்பு வந்தாலும் அவசரம் வேண்டாம். அப்பீல் கெடு 90 நாள். அது முடியுமுன் மறுமணம் செய்தால் புது வம்பு!

தேதி கொடுப்பது கோர்ட்டு. அதுவரை வாழ்க்கையை நடத்த வேண்டியவர் நாம்தான். அடுத்த வாய்தாவுக்குப் பஸ் ஏறுமுன் வக்கீலிடம் ஒன்று கேளுங்கள்: "இடைக்கால மனு என்னாச்சுங்க?"