ஆல்ஃபா சேனலும் அந்தக் கறுப்புக் கோடும்

"ஓரத்துல கறுப்பா கோடு தெரியுதா? ஒரு பிக்ஸல் உள்ள தள்ளி வெட்டிடுங்க பாஸ்!"

எந்த மகராசன் ஆரம்பிச்சு வச்சாரோ, எங்க போனாலும் இதே மந்திரம்தான். கேட்டாலே பத்திக்கிட்டு வருது. நகச்சுத்திக்கு விரலை வெட்டுற வைத்தியம் மக்களே இது!

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு பிக்ஸல் தனக்குப் பின்னாடி இருக்கறதை எவ்வளவு மறைக்குதுங்கற கணக்குதான் ஆல்ஃபா. 1970களின் கடைசியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ரெண்டு பேரும் கொண்டு வந்தது. இதுல ரெண்டு ரகம். ஸ்ட்ரெய்ட்டுல நிறம் தனி, ஆல்ஃபா தனி. ப்ரீமல்டிப்ளைடுல நிறத்தை ஆல்ஃபாவால பெருக்கியே வச்சிருப்பாங்க. பாதி மறைக்கிற சிவப்பு முதல் ரகத்துல 255,0,0. ரெண்டாவதுல 128,0,0.

ஏற்கனவே பெருக்கினதை, பெருக்காததுன்னு நினைச்சு மென்பொருள் இன்னொரு தடவை பெருக்கினா? வெள்ளைப் பின்னணியில 255,127,127 வரவேண்டிய இடத்துல 191,127,127 வரும். அதான் உங்க கறுப்புக் கோடு. உப்பு போட்ட குழம்புல மறுபடி உப்பு! இதுக்கு ஓரத்தை வெட்டினா முடி, புகை, மோஷன் ப்ளர் எல்லாம் சேர்ந்து போயிடும்.

என் கட்சி இதுதான்: படங்களை ஒண்ணு மேல ஒண்ணு வைக்கவும், சின்னதாக்கவும், ப்ளர் பண்ணவும் ப்ரீமல்டிப்ளைடுதான் சரி. போர்ட்டரும் டஃப்பும் 1984லேயே தங்கள் கட்டுரையில இப்படித்தான் கணக்கு போட்டாங்க. முழுச் சிவப்பு பிக்ஸல் பக்கத்துல, கண்ணுக்கே தெரியாத ஒரு பச்சை பிக்ஸல் இருக்குன்னு வைங்க. ஸ்ட்ரெய்ட்டுல சராசரி எடுத்தா செத்துப்போன பச்சை எழுந்து வந்து ஓரத்தை அழுக்காக்கும். ப்ரீமல்டிப்ளைடுல அது ஏற்கனவே பூஜ்யம், தொல்லை இல்லை. நெருப்பு வெளிச்சம் மாதிரி எதையும் மறைக்காம ஒளியை மட்டும் கூட்டுற சமாச்சாரம் ஆல்ஃபா 0, நிறம் மட்டும் உண்டு. ஸ்ட்ரெய்ட்டுல இதைச் சொல்லவே வழியில்லை.

"அப்போ பிஎன்ஜி ஏன் ஸ்ட்ரெய்ட்?"னு சண்டைக்கு வருவீங்க. நியாயமான கேள்வி. 8 பிட்டுல பெருக்கிட்டுத் திரும்ப வகுத்தா நிறம் தேஞ்சு போகும். சேமிச்சு வைக்க ஸ்ட்ரெய்ட் இருக்கட்டும், தப்பில்லை. நிறம் திருத்தும்போது கூட வகுத்து, திருத்தி, மறுபடி பெருக்கணும். ஆனா எது எங்கேன்னு தெரிஞ்சு செய்யணும்.

என் கோபம் ஃபார்மேட் மேல இல்லை. டிஃப் ஃபைல்ல எந்த ரகம்னு குறிக்க இடமே இருக்கு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வாயைத் திறந்து கேட்கவே செய்யுது. நம்மாளுங்க பக்கத்துல இருக்குற 'கெஸ்' பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடறாங்க! அவங்க டீ குடிச்ச பாவத்துக்கு, ராத்திரி முழுக்க ஃப்ரேம் ஃப்ரேமா ஓரம் சுரண்டுறவன் வேற ஒருத்தன்.

ஃபைலைக் கைமாத்தும்போது 'இது ஸ்ட்ரெய்ட்', 'இது ப்ரீமல்டிப்ளைடு'ன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க சாமி. பத்து செகண்ட் வேலை.

மாற்றுக் கருத்து உள்ளவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம். பிக்ஸல் கணக்கோட வரணும், ஆமா! :-)