மீட்ட மேடை யாருக்கு?

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அருகே, மாநகராட்சி நிலத்தில் இருக்கிறது சுதர்சன சபா. நாடகம் நடத்துவதற்காகக் குத்தகைக்கு விடப்பட்ட இடம். நாளடைவில் அங்கே கடைகள் உள்வாடகைக்கு வந்தன. குத்தகைப் பாக்கியும் ஏறியது. சில ஆண்டுகளுக்கு முன் மாநகராட்சி அதை மீட்டது. நல்ல காரியம். ஆனால் பாக்கிக் கணக்கோடு இந்தக் கதை முடிந்துவிடக் கூடாது. மேடை யாருக்கு என்பதையும் கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்விக்குத் தஞ்சையில் வயது அதிகம். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு வீடும், பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் ஒதுக்கியதை இராஜராஜனின் 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. சோழர் கலைப்பற்றுக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது இதைத்தான். அதே கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியலும் அங்கே கல்லில் இருக்கிறது. அதில் வரி நீங்கிய நிலங்களாகச் சுடுகாட்டோடு சேர்த்துப் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் எழுதப்பட்டுள்ளன. ஆடியவர்களுக்குப் பங்கு; வயலில் இறங்கியவர்களுக்குத் தனிச்சேரி. இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு.

“டிக்கெட் வாங்கினால் யாரும் உட்காரலாமே, அரங்கில் சாதி எங்கே வந்தது?” என்பார்கள். நாற்காலியில் உட்காருவது வேறு, மேடையில் நிற்பது வேறு, யார் நிற்கலாம் என்று முடிவெடுப்பது வேறு. பறை வாசலில் வரவேற்புக்கு அடிக்கப்படுகிறது. உள்ளே விளக்கேற்றியதும் அடித்தவர்கள் அனுப்பப்படுகிறார்கள். சபா என்பது உறுப்பினர்களின் சங்கம். யாரைச் சேர்ப்பது, யாரை அழைப்பது என்பது அவர்கள் கையில். ஊர் நிலத்தில் அந்த அதிகாரத்தை ஒரு சங்கத்திடம் மொத்தமாகக் கொடுப்பது எப்படி நியாயம்?

தஞ்சை நகராட்சி தொடங்கியது 1866இல், மாநகராட்சியானது 2014இல். பட்டியல் சாதியினருக்கு நகர்மன்ற இடங்களை ஒதுக்குவதை அரசமைப்புக் கடமையாக்கியது 1992இன் 74ஆம் திருத்தம். மன்றத்துக்கு ஒதுக்கீடு உண்டு. மன்றத்தின் சொத்தை ஆளும் குழுவுக்கு மட்டும் ஏன் கூடாது?

எனவே, இனி மொத்தக் குத்தகை வேண்டாம். தனி வார்டு உறுப்பினர்களும், பறை, தெருக்கூத்து, இசை நாடகக் கலைஞர்களும் பெரும்பான்மையாக உள்ள குழு அரங்கை நடத்தட்டும். வாடகைப் பட்டியலையும் தேதிப் பதிவையும் வாசலில் எழுதிப் போடட்டும். ஆண்டுக் கணக்கு மன்றத்துக்கு வரட்டும். சிறு குழுக்களுக்குக் குறைந்த கட்டணம் வேண்டும்.

நிலத்தை மீட்க ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. மேடையை மீட்க இத்தனையும் வேண்டும்.