பழுது பார்க்கும் படிப்பு

துணியைப் பார்த்தே மிஷினின் பழுதைச் சொல்லிவிடுகிறவர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள்.

துணியில் நெடுக ஒரு கோடு விழுந்திருக்கிறதா? "ஊசியைப் பார்" என்பார்கள். குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிகிறதா? "நூலைப் பார். அது சீராக ஓடுகிறதா என்று பார்" என்பார்கள்.

அவர்கள் மந்திரவாதிகள் அல்லர். மிஷினைக் கழற்றி மாட்டிப் பழகியவர்கள். அதனால்தான் பனியன் கம்பெனிகளில் அவர்களுக்குத் தனி மதிப்பு.

இப்போது திருப்பூருக்கு இன்னொரு மிஷின் வந்திருக்கிறது. அதற்குச் சக்கரம் கிடையாது. ஊசி கிடையாது. சத்தமும் போடாது. ஆனால் அது நின்றால் லாரி நிற்கும். சம்பளம் நிற்கும். ஏற்றுமதியும் நிற்கும்.

அதன் பெயர், இணையச் சேவை.

இந்த மிஷினை உபயோகிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அதைக் கட்டத் தெரிந்தவர்கள் குறைவு. அது நின்றுபோனால் "இதனால்தான் நின்றது" என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

ஏன் இப்படி? இதை மாற்ற முடியாதா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

அது என்ன சேவை?

டீக்கடைக்குப் போகிறீர்கள். செல்போனைக் காட்டி 15 ரூபாய் செலுத்துகிறீர்கள். "பதினைந்து ரூபாய் வந்தது" என்று கடையில் உள்ள சின்னப் பெட்டி பேசுகிறது.

இடையில் என்ன நடந்தது?

உங்கள் செல்போன் ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டது. அது உங்கள் பாங்கியின் கம்ப்யூட்டரைக் கேட்டது. பிறகு கடைக்காரரின் பாங்கிக்குச் செய்தி போயிற்று. ஒவ்வொன்றும் பதில் சொல்லிற்று. எல்லாம் சில விநாடிகளில் முடிந்தது.

இப்படி ஒரு கம்ப்யூட்டர் கேட்க, இன்னொரு கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதே, அதுதான் இணையச் சேவை. கேள்வி, பதில். அவ்வளவுதான்! பெரிய பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை.

லாரி நின்ற கதை

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி.

50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் "இ-வே பில்" வேண்டும் என்ற உத்தரவு அன்று அமுலுக்கு வந்தது. பில்லை இணையத்தில்தான் எடுக்க வேண்டும்.

முன்னதாக ஜனவரியில் சோதனை ஓட்டம் நடந்திருந்தது. ஆனாலும் என்ன ஆயிற்று? முதல் நாளே இணையதளம் திணறியது. நாடு முழுவதும் வியாபாரிகள் பில் எடுக்க முடியாமல் தவித்தார்கள். அன்றே அரசாங்கம் உத்தரவைத் தள்ளி வைத்தது. ஏப்ரல் 1-ந் தேதிதான் அது மறுபடியும் அமுலுக்கு வந்தது.

திருப்பூர், வெளியூருக்குச் சரக்கு அனுப்பிப் பிழைக்கிற ஊர். பெட்டி கட்டியாகிவிட்டது. லாரி வாசலில் நிற்கிறது. டிரைவர் தயார். ஆனால் ஒரு காகிதத்தைக் கொடுக்க வேண்டிய கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை. அப்போது லாரியில் எத்தனை டீசல் இருந்து என்ன பயன்?

இதில் மாணவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்கிற சேவை, பத்து லட்சம் பேர் கேட்டாலும் பதில் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது.

ஒரே ஒரு கட்டளை!

பெரிய கம்பெனிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது.

2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி. நம் நாட்டில் அப்போது இரவு 9 மணி தாண்டிவிட்டது. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே சமயத்தில் நின்றன. உலகம் முழுவதும் சுமார் 6 மணி நேரம் அவை வேலை செய்யவில்லை.

காரணம் என்ன? பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை! அது, அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாதைகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளை வந்தால் தடுப்பதற்கு ஒரு காவல் புரோகிராம் இருந்தது. அந்தக் காவல்காரனிடமும் பழுது. அவன் தடுக்கவில்லை.

பாதைகள் அறுந்துபோனதால் தூரத்தில் இருந்துகொண்டு சரிசெய்ய முடியவில்லை. இன்ஜினீயர்களை நேரிலேயே அனுப்ப வேண்டியதாயிற்று. பிறகு அந்தக் கம்பெனியே நடந்ததை விளக்கி அறிக்கை வெளியிட்டது. பழுதை மறைக்காமல் எழுதி வைத்தால், அடுத்தவர் அதைப் படித்துப் பாடம் கற்றுக்கொள்ளலாம்.

அம்மாவின் கூலிக் கணக்கு

சரி. ஒரு மாணவன் எங்கே தொடங்குவது?

வீட்டிலேயே தொடங்கலாம். அம்மா பவர் டேபிளில் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீசுக்கு 3 ரூபாய் 50 காசு. இன்றைக்கு 240 பீஸ். கூலி எவ்வளவு? 840 ரூபாய்.

இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லும் ஒரு சின்னச் சேவையை மகன் கட்டட்டும், அல்லது மகள் கட்டட்டும். பீஸ் எண்ணிக்கையையும் ரேட்டையும் அனுப்பினால், கூலியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அதற்குப் பெரிய சாமான்கள் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். பைத்தான் என்ற நிரல் மொழி இலவசம். லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம். லினக்ஸை 1991-ல் தொடங்கியவர் யார் தெரியுமா? பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர்தான்!

இண்டர்நெட் இணைப்புக்கூட முதலில் வேண்டாம். 127.0.0.1 என்று ஒரு விலாசம் உண்டு. ஒரு கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் விலாசம் அது. கேட்பதும் அதே கம்ப்யூட்டர். பதில் சொல்வதும் அதே கம்ப்யூட்டர். பழகுவதற்கு வேறென்ன வேண்டும்?

சேவை ஓடியதும் "முடிந்தது" என்று எழுந்துவிடக் கூடாது. அப்போதுதான் படிப்பே ஆரம்பமாகிறது.

பீஸ் எண்ணிக்கை எழுத வேண்டிய இடத்தில் "இருநூறு" என்று எழுத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்றும் எழுதாமல் அனுப்பிப் பாருங்கள். சனிக்கிழமை மாலையில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கேட்பது போலக் கேட்டுப் பாருங்கள். எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும்.

காசு எங்கே போயிற்று?

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். பைத்தானிடம் 0.1, 0.2 என்ற இரண்டு எண்களைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். 0.3 என்று சொல்ல வேண்டாமா? அது 0.30000000000000004 என்று சொல்லும்!

கம்ப்யூட்டருக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது எண்களை 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதி வைக்கிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எவ்வளவு நீளமாக எழுதினாலும் முடிகிறதில்லை அல்லவா? அதுபோல, பத்தில் ஒரு பங்கை அதனால் முழுமையாக எழுதி முடிக்க முடியாது.

துளிதான் வித்தியாசம். ஆனால் ஆயிரம் தொழிலாளிகளின் கூலியை வருஷம் முழுவதும் கூட்டினால், கணக்குப் பட்டியலும் கஜானாவும் ஒத்துப்போகாமல் போகலாம். இதற்கு வழி என்ன? ரூபாயில் கணக்குப் போடாதீர்கள். 3 ரூபாய் 50 காசை 350 காசு என்று முழு எண்ணாகவே வைத்துக் கூட்டுங்கள். கடைசியில் ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைப் பாடப் புத்தகத்தில் படித்தவன் மறந்துவிடலாம். அம்மாவின் கூலிக் கணக்கில் கண்டுபிடித்தவன் மறக்க மாட்டான்.

பழுதைத் தேடும் வழி

இணையச் சேவை, பழுதானாலும் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணே பாதி விடை.

200 என்றால், எல்லாம் சரி. 404 என்றால், கேட்ட பொருள் இங்கே இல்லை. 403 என்றால், உனக்கு அனுமதி இல்லை. 500 என்றால், உள்ளே ஏதோ கோளாறு.

நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி உண்டு. 4-ல் தொடங்கினால், பெரும்பாலும் கேட்டவர் பக்கம் தப்பு. தபாலில் விலாசத்தைத் தப்பாக எழுதியது போல. 5-ல் தொடங்கினால், பதில் சொல்ல வேண்டியவர் பக்கம் தப்பு. தபால் சரியாகத்தான் போயிற்று. வீட்டில் இருப்பவருக்குத்தான் உடம்பு சரியில்லை!

எண்ணே வரவில்லையா? அப்போது வரிசையாகப் பார்க்க வேண்டும். மின்சாரம் இருக்கிறதா? இணைப்பு இருக்கிறதா? விலாசம் சரியா? கதவு திறந்திருக்கிறதா? கம்ப்யூட்டருக்கும் கதவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பாதுகாப்பான இணையதளங்களின் வழக்கமான கதவு எண் 443. கதவும் சரி என்றால், உள்ளே புரோகிராம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சேவை தன் வேலைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகும். அதை "லாக்" என்பார்கள். எத்தனை மணிக்கு யார் கேட்டார்கள், என்ன பதில் போயிற்று, எந்த வரியில் தடுக்கி விழுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஊசியையும் நூலையும் சேர்த்து மாற்றினால், பழுது எதில் இருந்தது என்று எப்படித் தெரியும்?

எச்சரிக்கை!

சொந்தக் கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். பிறருடைய கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது குற்றம். பூட்டைப் பழுது பார்க்கத் தெரிந்தவன், அடுத்த வீட்டுப் பூட்டைத் திறக்கலாமா?

"கம்ப்யூட்டரே எழுதுகிறதே?"

"இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கேட்டால் அதுவே புரோகிராம் எழுதித் தருகிறது. பிள்ளைகள் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். அது எழுதித் தருவது உண்மை. சில சமயம் தப்பாக எழுதித் தருவதும் உண்மை. பார்ப்பதற்குச் சரியாக இருக்கும். சனிக்கிழமை மாலை சம்பளப் பட்டியல் வராது! அப்போது "எது சரி, எது தப்பு" என்று சொல்ல ஒரு மனிதன் வேண்டும். தைப்பதற்கு மிஷின் வந்த பிறகும் செக்கிங் வேலை போய்விடவில்லையே!

வழி இருக்கிறது

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஒரு கம்பெனி தொடங்கியது. கம்ப்யூட்டர் வலைப்பின்னல்களைக் கண்காணிக்கும் மென்பொருள்தான் அதன் ஆரம்பத் தொழில். இன்று அதன் பெயர் ஸோஹோ. பட்டம் பெறாத பிளஸ் 2 மாணவர்களையும் சேர்த்து, உதவித் தொகை கொடுத்து, அது தன் பள்ளியில் பயிற்சி அளிக்கிறது. தென்காசியிலும் அந்தப் பள்ளி இருக்கிறது.

தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது. மும்பை ஐ.ஐ.டி.யின் "ஸ்போகன் டுடோரியல்" பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வழி அடைத்துக் கிடக்கிறது என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது

கல்லூரிகளுக்கு ஒரு யோசனை. ரெக்கார்டு நோட்டில் புரோகிராமை அழகாக நகல் எடுத்தால் மார்க் கொடுக்கிறார்கள். அது போதாது. ஓடுகிற சேவையில் ஆசிரியரே ஒரு பழுதை வைக்கட்டும். "அரை மணி நேரத்தில் கண்டுபிடி. எப்படிக் கண்டுபிடித்தாய் என்றும் எழுது" என்று சொல்லட்டும். அதற்கு மார்க் கொடுக்கட்டும். பழுது பிடிபடாவிட்டாலும், தேடிய முறை சரியாக இருந்தால் பாதி மார்க் கொடுக்கட்டும்.

பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாட்களில் நாலு மாணவர்களை, நாலு மாணவிகளை உள்ளே விடுங்கள். சரக்குக் கணக்கு எப்படிப் போகிறது, எங்கே நிற்கிறது என்று காட்டுங்கள். தொழிலாளிகளின் பெயரையும் சம்பளத்தையும் காட்ட வேண்டாம். போலிக் கணக்கு ஒன்றைக் கொடுத்தால் போதும். நாளைக்கு உங்கள் லாரி நிற்கும்போது ஓடி வரப்போகிறவர்கள் இவர்கள்தான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து அலுத்து வருகிறீர்கள். மகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் சிவப்பு எழுத்துக்கள். "இன்னும் சரியாக வரவில்லையா?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் நேரத்தை வீணாக்கவில்லை. பழுதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மிஷினைக் கழற்றிப் பழகியவரைத்தான் திருப்பூர் மெக்கானிக் என்று ஒப்புக்கொண்டது. அந்த நியாயம் புதிய மிஷினுக்கும் பொருந்தும். பிள்ளைகளைக் கழற்றிப் பார்க்க விடுங்கள்!