பின்களத்துக்கு ஆள் தேடுவோர் தெல்தோட்டைக்கு வருக!

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இலங்கையின் தேசிய உதைபந்தாட்ட அணி, கம்போடியாவை அதன் சொந்த மண்ணிலேயே தண்ட உதைகளில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் அடுத்த சுற்றினுள் நுழைந்தது. 1995ஆம் ஆண்டு கொழும்பில் இந்தியாவை வீழ்த்தித் தென்னாசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய பின்னர், சொல்லிக்கொள்ளத்தக்க வெற்றிகள் அருகிப்போன நாடு இது. ஆகவே மக்கள் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். மகிழ்ந்த கையோடு ஒரு கேள்வியையும் எழுப்பினோம்: இந்த அணியின் பின்களத்தைக் காக்க வந்தவர் எவர்? அவரை ஆளாக்கிய மண் எது?

அவருள் ஒருவர் கிளாடியோ கம்மர்க்னெக்ட். 1999இல் ஜெர்மனியில் பிறந்தவர். ஃப்ரைபேர்க் கழகத்தின் இரண்டாம் அணியில் வளர்ந்து, 2022இல் டிரெஸ்டன் நகரின் டைனமோ கழகத்துக்குச் சென்று, அந்நாட்டின் மூன்றாம் பிரிவுப் போட்டிகளில் பின்கள வீரராகப் பெயர் பெற்றவர். இலங்கை வம்சாவழித் தொடர்பால் 2024இல் நமது தேசிய அணியின் சட்டையை அணிந்தார். மற்றொருவர் ஜாக் ஹிங்கேர்ட். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ரோர் கழகத்தில் பல்லாண்டு பின்களம் காத்தவர். இவர்களைப்போல் கடல் கடந்த நாடுகளில் பயிற்சி பெற்ற இளைஞர் பலர், புலம்பெயர்ந்த தமிழரின் பிள்ளைகள் உட்பட, அண்மைய ஆண்டுகளில் அழைத்துவரப்பட்டுள்ளனர்.

அவர்களை நாம் குறை கூறவில்லை. தாய் பிறந்த நாட்டுக்கு, பாட்டன் பிறந்த நாட்டுக்கு ஆட விரும்பி வருவோரை இருகை கூப்பி வரவேற்கின்றோம். நமது வழக்கு அவர்களோடு அன்று. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் அரசாங்கத்தோடும், அதற்குத் தலையாட்டும் விளையாட்டு அதிகாரிகளோடும், வாக்குக் கேட்கும்போது மட்டும் மலையேறிவரும் தலைவர்களோடுமே நமது வழக்கு.

பின்கள வீரன் எங்கே விளைகின்றான்?

முன்கள வீரன் ஒருவன் சந்து பொந்துகளிலும் உருவாகக் கூடும். லயன் வாசலில், கோயில் முற்றத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் ஓரத்தில் கிடைக்கும் ஒரு துண்டு நிலத்தில் பந்தைக் காலோடு ஒட்டவைத்து ஓடப் பழகலாம். வளைந்து நெளிந்து இருவரை ஏமாற்றவும் பழகலாம். பின்கள வீரனின் தொழில் அத்தகையதன்று. உயரத்திலிருந்து இறங்கிவரும் பந்தை எங்கே சந்திப்பது என்று கணிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மூவரோடும் ஒரே கோட்டில் முன்னேறி, எதிரியை விதிமீறிய இடத்தில் நிறுத்த வேண்டும். துணைவன் முன்னே சென்றால் அவன் விட்ட இடத்தை மூட வேண்டும். நாற்பது கெஜத்துக்கு அப்பால் நடப்பதைப் பார்த்து, அடுத்து நடக்கப்போவதை அறிய வேண்டும். இவற்றை முழு அளவான, சமதரையான மைதானத்திலன்றி வேறெங்கும் கற்க இயலாது. அதுவும் ஓராண்டில் அன்று. பத்து வயது தொடங்கிப் பத்தாண்டு காலம் ஒரே பயிற்சியாளரின் கண்காணிப்பில் கற்க வேண்டும்.

கமக்காரர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மழை பார்த்து விதைக்கும் பயிர் உண்டு. நாற்றுமேடை அமைத்து, நிழல் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வளர்க்கும் பயிரும் உண்டு. பின்கள வீரன் இரண்டாம் வகை. அவன் இல்லாத நாட்டில் இளைஞருக்குத் திறமை இல்லை என்று பொருளன்று. மைதானம் இல்லை என்றே பொருள்.

தமிழரின் காலுக்குத் திறமை உண்டா என்று எவரேனும் ஐயுறுவாராயின், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தைப் பார்க்கட்டும். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 2006இல் வேல்ஸ் நாட்டில் பிறந்த விமல் யோகநாதன், அங்கே தொழில்முறை ஆட்டக்காரராக, நடுக்களத்தில் நிற்கின்றார். அதே குருதியில் பிறந்த பிள்ளை தெல்தோட்டையில் சரிவில் உருளும் பந்தின் பின்னால் ஓடி, அது தேயிலைச் செடிக்குள் மறைந்ததும் ஆட்டத்தை முடித்துக்கொள்கின்றான். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு நிலத்தின் வேறுபாடேயாகும்.

பாட்டன் பிறந்த மண்

சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதி ஒன்று உண்டு. ஒரு நாட்டின் குடியுரிமையைப் புதிதாகப் பெறும் வீரன், தன் தாய் அல்லது தந்தை, பாட்டன் அல்லது பாட்டி அந்நாட்டில் பிறந்ததை நிறுவினால், அந்நாட்டுக்கு ஆடும் தகுதியைப் பெறலாம். பாட்டி ஒருத்தியின் பிறப்புப் பத்திரம் போதும், கதவு திறக்கும்.

இவ்விதியைப் படிக்கும் மலையகத் தமிழனுக்கு வேறொரு விதி நினைவுக்கு வராமற் போகுமா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் பாட்டனைத்தான் கேட்டது. உன் தந்தை இங்கே பிறந்தாரா? இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரா? பத்திரத்தை எடு! பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே வேரூன்றாத காலத்தில் பிறந்தவனுக்குப் பத்திரம் ஏது? காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவனின் வழித்தோன்றல்கள் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து இருநாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இறுதி மீதியினருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் உலகச் சம்மேளனத்தில் இணைந்தது 1952இல். அன்று தொடங்கி எத்தனை ஆண்டுகள், எத்தனை ஆயிரம் தோட்டத்து இளைஞர், கடவுச்சீட்டுப் பெறும் உரிமையே இல்லாதவராய் இருந்தனர்! கடவுச்சீட்டு இல்லாதவன் நாட்டின் சட்டையை அணிவது எங்ஙனம்? பாட்டனைக் காட்டி நம்மை வெளியே தள்ளிய நாடு, இன்று பாட்டியைக் காட்டி ஐரோப்பாவிலிருந்து காவலரை அழைக்கின்றது. அழைக்கட்டும். ஆனால் வெளியே தள்ளப்பட்டவனின் பேரன் இன்று முழுப் பிரசை; அவனுக்குச் சேரவேண்டிய கடனை எப்போது தீர்ப்பது?

19 ஏக்கரும் 2 ஏக்கரும்

தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இந்நாட்டின் வணிகத் தேயிலைக்கு அதுவே தொடக்கம். உலகம் அறிந்த அந்த மலைத்தொடரில் இன்று நாம் கேட்பது என்ன? சர்வதேச அளவிலான உதைபந்தாட்ட மைதானம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் உடையது. கணக்கிட்டால் இரண்டு ஏக்கருக்கும் குறைவு. தேயிலைக்கு அன்று கிடைத்த நிலத்தில் பத்திலொரு பங்கு!

நிலம் எவருடையது என்பதையும் பார்ப்போம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டக் காணிகளை அரசுக்கு உரியனவாக்கின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றபோதும், கண்டிச் சுற்றுப்புறத்துத் தோட்டங்கள் பல ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் எல்கடுவ நிறுவனத்திடமுமே தங்கின. கம்பனியின் கையிலுள்ள தோட்டத்திலும் கம்பனி குத்தகைக்காரனே. காணியின் சொந்தக்காரன் அரசு. ஆகவே, "கம்பனி தரவில்லை" என்ற பழைய பல்லவி இங்கே எடுபடாது.

அடுத்து, பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவிடத் தடையாய் நின்றது. தோட்டத்து மனிதன் சபைக்கு வாக்களிக்கலாம்; உறுப்பினர் லயனுக்கு வந்து கும்பிடலாம்; அந்த லயனின் பாதையில் ஒரு கல் பதிக்கச் சட்டம் இடம் தராது! முப்பதாண்டு நிலவிய இந்த அநீதியை 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கியது. சட்டத்தின் வாய்ப்பூட்டு கழன்று ஆண்டுகள் பல சென்றுவிட்டன. பூட்டு இருந்த காலத்தில் சட்டத்தைக் காட்டித் தப்பித்தவர்கள் இன்று எதைக் காட்டுவர்?

சீருடை அணிந்தால்தான் சோறா?

மைதானம் கிடைத்து, ஒருவன் வளர்ந்தும்விட்டான் என்று கொள்வோம். அவனுக்கு ஆட்டத்தால் பிழைப்பு உண்டா? 2021இல் சூப்பர் லீக் என்ற பெயரில் தொழில்முறைப் போட்டி தொடங்கியது. பத்துக் கழகங்களுள் மூன்று முப்படைகளைச் சேர்ந்தவை. இராணுவக் கழகம் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் "டிஃபென்டர்ஸ்". பின்கள வீரனைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் அதே சொல்! இந்நாட்டில் நல்ல ஆட்டக்காரன் ஒருவனுக்கு மாதச் சம்பளம் வேண்டுமாயின், படையிலோ பொலிஸிலோ சேர்வதே நெடுங்கால வழியாக இருந்துவந்துள்ளது. அவ்வழியில் செல்ல விரும்புவோரைத் தடுக்க நாம் யார்? ஆனால் அந்த வாசல் தமிழ் இளைஞனுக்கு எவ்வளவு ஒடுங்கியது என்பதை நாடறியும்.

அந்தத் தொழில்முறைப் போட்டியேனும் நிலைத்ததா? இல்லை. 2023 ஜனவரியில், அரசியல் தலையீட்டின் காரணமாக, உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியிலேதான் தடை நீங்கியது. பதவிக்காக மேலிடத்தார் மோதிக்கொண்டதன் விலையை, சர்வதேசப் போட்டிகளை இழந்த இளைஞர்கள் கட்டினர். ஓர் ஆட்டக்காரனின் தொழில் வாழ்வு பதினைந்து ஆண்டு. அதில் ஏழு மாதத்தைப் பறித்தவர் எவரும் தண்டம் செலுத்தியதாக நாம் அறியோம்.

கேட்க ஆளில்லாத பங்கு

படித்தோர் கவனிக்கவேண்டிய ஒரு சட்ட உரிமை உண்டு. ஒரு வீரன் விலை பேசி வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்றப்படும்போது, அத்தொகையில் நூற்றுக்கு 5 பங்கு, அவனை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்து வழங்கப்பட வேண்டும் என்பது உலகச் சம்மேளனத்தின் விதி. 12 தொடங்கி 15 வயது வரையான நான்கு பருவங்களைப் பயிற்றிய சிற்றூர்க் கழகத்துக்கு நூற்றுக்கு ஒன்று சேரும். ஒரு கோடி ரூபாவுக்கு ஓர் இலட்சம். ஆனால் அக்கழகம் முறையாகப் பதிவு பெற்றதாயும், பையனின் பெயர் அதன் ஏட்டில் ஏறியதாயும் இருத்தல் வேண்டும். நமது தோட்டங்களில் பந்து உருட்டும் பிள்ளைகளின் பெயர் எந்த ஏட்டில் உண்டு? நாளை ஒருவன் உயர்ந்தாலும், அவனை வளர்த்த ஊருக்கு உரிய பங்கைக் கேட்க ஆளிராது. கொழுந்தைப் பறித்தவள் ஒருத்தி, விலையைப் பெற்றவன் வேறொருவன் என்ற பழங்கதையே பந்தாட்டத்திலும் தொடரும்.

"முரளி வரவில்லையா?"

இவ்வாறு நாம் எழுதினால் உடனே வரும் மறுமொழி நமக்குத் தெரியும். "கண்டியிலிருந்து முத்தையா முரளிதரன் வரவில்லையா? 800 விக்கெட் வீழ்த்தவில்லையா?" வந்தார், வீழ்த்தினார், நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அவர் குடும்பத்துக்குச் சொந்தத் தொழில் இருந்தது. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரிக்கு மைதானம் இருந்தது. அவர் வரலாறு நமது வாதத்தை வலுப்படுத்துகின்றதே தவிர மறுக்கவில்லை.

"வயிற்றுக்கே போதாத சம்பளம், இதில் விளையாட்டு ஒரு கேடா?" என்று கேட்போரும் உளர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டுவதற்கு 2021 வரை காத்திருந்த மக்கள் நாம். சம்பளப் போராட்டத்தை எவரும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் கூலி உயர்வை மட்டுமே கேட்கும் சமூகம், தன் பிள்ளையும் கூலியாகவே இருப்பான் என்று ஒப்புக்கொண்ட சமூகமாகிவிடும். மாலையில் ஓட இடமில்லாத இளைஞன் எங்கே போய் நிற்கின்றான் என்பதை ஒவ்வொரு தாயும் அறிவாள்.

நமது கோரிக்கை

தெல்தோட்டைப் பகுதியில் முழு அளவான ஒரு மைதானத்துக்கு இரண்டு ஏக்கர் சமநிலம் ஒதுக்கப்படட்டும். அது துரைமாரின் தயவில் நிற்கும் வாய்மொழி அனுமதியாக இராமல், பிரதேச சபையின் பெயரில் எழுதப்பட்ட உறுதியாக இருக்கட்டும். பாடசாலைகளும் தோட்டங்களும் இணைந்து ஒரு கழகத்தை அமைத்து, கண்டி மாவட்ட லீக்கில் பதிவு செய்யட்டும். தகுதி பெற்ற பயிற்சியாளர் ஒருவருக்கு விளையாட்டுத்துறை அமைச்சு சம்பளம் வழங்கட்டும். அந்த மைதானத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரின் பிள்ளைகளும் ஒரே பின்களக் கோட்டில் நிற்கட்டும். தெல்தோட்டை அவ்வாறு கலந்து வாழும் ஊரே.

சட்டத்தரணிகளே! விண்ணப்பத்தை எழுதுவதும், பதிவு செய்வதும், மறுத்தால் நீதிமன்றம் ஏறுவதும் உங்கள் பங்கு. ஆசிரியர்களே! பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பெயர்களை இன்றே ஏட்டில் எழுதுங்கள். வைத்தியர்களே! அவர்களின் உடல்நிலையைப் பார்த்துக் கூறுங்கள். கமக்காரர்களே! நிலத்தைச் சமப்படுத்தவும் நீர் வடிகால் வெட்டவும் உங்களைவிடத் தெரிந்தவர் எவர்? அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் அனைவரும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இரண்டு ஏக்கருக்கு உறுதி எங்கே?

பதில் கூறாதவர் எவராயினும், எந்தக் கட்சியாராயினும், நம் வாக்கில் அவருக்குப் பங்கில்லை.