பழி வேறு, பொறுப்பு வேறு

பின்லாந்துக்காரர்களின் பாஷையில் 'வஸ்தூ' என்று ஒரு சொல் உண்டு. காதில் விழும்போது நம்முடைய 'வஸ்து'வுக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வஸ்தூ என்றால் பொறுப்பு.

இந்தச் சொல்லின் குடும்பத்தைக் கொஞ்சம் விசாரித்தால் சுவையான சங்கதிகள் கிடைக்கின்றன. 'வஸ்தவுஸ்' என்றால் பதில். 'வஸ்தான்' என்று ஒருவர் சொன்னால் 'பதில் சொல்கிறேன்' என்றும் அர்த்தம். 'நான் பொறுப்பு' என்றும் அர்த்தம். கூட வரும் பெயர்ச்சொல்லின் வேற்றுமை உருபைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். (நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு 15! அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) ரயிலடிக்குப் போய் விருந்தாளியை எதிர்கொள்வதற்குக்கூட இதே வேரில் பிறந்த சொல்தான். ஆக, பொறுப்பு என்பது அவர்களுக்கு முகத்துக்கு நேரே நின்று பதில் சொல்கிற காரியம்.

நம் 'பொறுப்பு' பொறுத்தல் என்பதிலிருந்து வந்தது. பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். அவர்களும் பொறுப்பைச் சுமப்பது உண்டு. 'கன்னன் வஸ்தூன்' என்றால் 'பொறுப்பை நான் சுமக்கிறேன்' என்று பொருள். மலையைச் சுமந்த நம் கண்ணனுக்கும் அந்தக் கன்னனுக்கும் சம்பந்தம் இல்லை என்றாலும், பொருத்தமாகத்தான் இருக்கிறது!

இன்னும் ஒரு நயம் இருக்கிறது. பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன் என்பதை அவர்கள் இரண்டு விதமாகச் சொல்லலாம். 'ஒத்தன் வஸ்தூன்' என்றால் முழுப் பொறுப்பும் என்னுடையது. 'ஒத்தன் வஸ்தூத்த' என்றால் பொறுப்பில் ஒரு பங்கு, அல்லது இவ்வளவு என்று அளவு சொல்லாத பொறுப்பு. வித்தியாசம் கடைசி எழுத்தில்தான். "வேண்டுமானால் நானும் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறேன்" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வருமே, அது இரண்டாவது ரகம். பொறுப்பை மறுக்கும்போதோ இந்த இரண்டாவது உருவம் மட்டும்தான் வரும். முழுதாக ஏற்கலாம், பங்காக ஏற்கலாம். மறுப்பதற்கு ஒரே வழிதான்!

கோப்பை விழுந்து நொறுங்கினால் 'நான் கோப்பையை உடைத்தேன்' என்று சொல்ல அவர்கள் பாஷையில் வழி இருக்கிறது. 'கோப்பை உடைந்துபோயிற்று' என்று நழுவவும் வழி இருக்கிறது. இந்த விஷயத்தில் நாம் இரு தேசத்தாரும் சகோதரர்கள். ஆனால் பழிக்கு அவர்களிடம் தனிச் சொல் இருக்கிறது. 'ஸ்யூ' என்பார்கள். அதற்குக் காரணம் என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள். ஸ்யூ முடிந்துபோனதைத் திரும்பிப் பார்க்கிறது. வஸ்தூ இனி நடக்க வேண்டியதற்கும் சேர்த்துப் பதில் சொல்கிறது.

இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டார் ஒரு ஜனாதிபதி. அவர் பெயர் ரிஸ்டோ ரூட்டி. 1944 ஜூன் மாதம். சோவியத் படைகள் பெருந்தாக்குதல் தொடுத்திருந்தன. ஆயுதமும் தானியமும் பின்லாந்துக்கு ஜெர்மனியிடமிருந்து வந்தாக வேண்டும். எங்களைக் கேட்காமல் சமாதானம் பேசமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால்தான் உதவி என்றது ஜெர்மனி. தேசத்தின் பெயரால் உடன்படிக்கை எழுதினால் தேசமே கட்டுப்பட்டுவிடும். ஆகவே ஜூன் 26-ஆம் தேதி ரூட்டி, தம் சொந்தப் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். தாமோ தாம் நியமிக்கும் சர்க்காரோ ஜெர்மனியின் சம்மதமின்றிச் சமாதானம் செய்துகொள்ளாது என்பது அதன் சாரம்.

உதவி வந்தது. போர்முனை நிலைத்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ரூட்டி பதவியை ராஜினாமா செய்தார். அடுத்து வந்த மன்னர்ஹைம், முன்னவர் கொடுத்த வாக்கு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டார். செப்டம்பர் 19-ஆம் தேதி மாஸ்கோவில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

பிறகு விசாரணை வந்தது. 1945 நவம்பரில் தொடங்கி 1946 பிப்ரவரியில் முடிந்த வழக்கில் ரூட்டிக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை. அந்த விசாரணைக்கு ஆங்கிலத்தில் போர்ப் 'பொறுப்பு' விசாரணை என்று பெயர். பின்லாந்து பாஷையிலோ அது போர்க் 'குற்றம்' பற்றிய விசாரணை. ஸ்யூவிலிருந்து பிறந்த பெயர். வஸ்தூவை எடுத்துக்கொண்டவர் தலையில் ஸ்யூவும் ஏறிவிட்டது! 1949-இல் மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தார், 1956-இல் காலமானார். ஹிட்லரின் ஜெர்மனியுடன் தோளோடு தோள் நின்று போரிட்டது சரிதானா என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் அவருக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடிதத்தைப் பொறுத்தவரை அவர் எடுத்துக்கொண்டது 'வஸ்தூன்'. முழுசு. பங்கு போடவில்லை.

நம் வீடுகளில் தம்ளர் உடைந்தால் முதலில் எழும் கேள்வி, "யார் உடைத்தது?" என்பதுதான். அது ஸ்யூவின் கேள்வி. குழந்தைகள் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். பெரியவர்கள் பூனையைக் கைகாட்டுவார்கள். "குழந்தை காலில் குத்துவதற்கு முன் கண்ணாடித் துண்டுகளை யார் பெருக்கி அள்ளுவது?" என்பது வஸ்தூவின் கேள்வி. அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்பதற்குள் அம்மா துடைப்பத்தோடு வந்துவிடுகிறாளே!

ஒரு நாளைக்காவது வீட்டில் மற்றவர்களும் அதை முழுசாக எடுத்துக்கொள்ளட்டும், 'வஸ்தூத்த' வேண்டாம்.