அச்சத்தின் நடுவே பிறந்த துதி

கி.பி. 1323. தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியது. முதுமை எய்தியிருந்த பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். மதுரையை அடுத்த ஜோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். அரங்கத்திலேயே தங்கிவிட்ட வேதாந்த தேசிகரோ, சடலங்களின் இடையே மறைந்து கிடந்து, சுதர்சன சூரியின் புதல்வர் இருவரையும் அவர் இயற்றிய ச்ருதப்ரகாசிகை ஏட்டையும் காத்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும்.

பின்னர்க் கருநாட்டுச் சத்தியகாலத்தில் அவர் வசித்த நாளில் அருளியது அபீதி ஸ்தவம் என்பது மரபு. அபீதி என்றால் அச்சமின்மை. கொள்ளேகாலத்திற்கு அருகிலுள்ள அவ்வூர் காவிரிக் கரையில் இருக்கிறது. அங்கு ஓடும் நீர் அரங்கத்தைச் சென்றடையும்; தேசிகரால் செல்ல இயலவில்லை.

துதியில் 29 சுலோகங்கள். தொடக்கச் சுலோகம் பிருத்வி என்னும் விருத்தம். அடிக்கு 17 எழுத்து. எட்டாம் எழுத்தில் ஒரு நிறுத்தம். லகுவும் குருவும் தத்தம் இடத்திலிருந்து சிறிதும் பிறழலாகாது. ஊரே சிதறிக் கிடக்கையில் இத்தனை கட்டுப்பாடு எதற்கு? ஏடு எரியும், நனையும், வழியில் தொலையும். யாப்பில் அமைந்த சுலோகமோ நெஞ்சில் தங்கும். ஓர் எழுத்துத் தவறினாலும் ஓசையே காட்டிக்கொடுக்கும். உயிருக்கு அஞ்சி ஓடுகிறவன் மூட்டையில் அதற்கு இடம் தேட வேண்டியதில்லை. கவிதையின் அலங்காரம் என்று நாம் எண்ணுவது அக்காலத்தில் ஒரு காவலாகவும் இருந்தது.

பகைவரைப் பற்றிய பேச்சு இத்துதியில் குறைவே. பஞ்சாயுதங்களைக் கொண்டு அச்சத்தை நொடியில் ஒழித்தருள வேண்டும் என்று அரங்கனிடம் உரிமையோடு கேட்கிறார். ஆயினும் உள்ளத்தை உருக்குவது, நிறைவை நெருங்கும்போது வரும் விண்ணப்பம். அரங்கத்தையே நம்பி வாழ்வோரின் அச்சம் தணிய வேண்டும். பகை ஒழிந்த அத்தலத்தில், ஒருவருக்கொருவர் நன்மையே நாடுவோரின் அருகில் தம்மை வாழவைக்க வேண்டும். சர்வதந்த்ர சுவதந்த்ரர் என்று உலகம் போற்றிய பேராசான், பெருமாளிடம் கேட்டது நல்ல அண்டை அயலாரை!

நம்பெருமாள் அரங்கம் திரும்ப 48 ஆண்டுகள் ஆயின. 1371-இல் அவரை மீண்டும் எழுந்தருளப் பண்ணிய கோபணாரியரைப் போற்றும் இரண்டு சுலோகங்கள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அவையும் தேசிகர் திருவாக்கு என்றே வைணவப் பெரியோர் கொண்டாடுவர்.